வீண்குளிர்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. சொல்லிவிட்டால் மிச்சக் கதையில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஏசியின் வாய்க்கு நேர் எதிரே, சுழல் நாற்காலியில், வெப்ப மீட்பு வாரியத்தின் மாவட்டத் தலைவர் சபேசன். தோளில் சால்வை. கரடிப்பாறையில், அதுவும் சித்திரையில், சால்வை போர்த்திக்கொள்ள வாய்த்த ஒரே பிறவி அவர்தான். அவருக்கு வலது கைப்பக்கம் நிதின், கணினிக் கிடங்குக் கம்பெனியின் மேலாளர். தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டி முடித்துவிடுகிறவன். இடது கைப்பக்கம் கவுன்சிலர் நாச்சிமுத்து; காற்று பாதி எட்டுகிற இடம், அவருடைய செல்வாக்கும் அவ்வளவுதான். மேசையின் கடைக்கோடியில், புரொஜெக்டர் ஊதும் வெக்கையைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, வாரியத்தின் மாதிரிப் பொறியாளர் எஸ்தர் ரூபி. ஒரு இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்து, என்ன ஆகும் என்று சொல்வது அவள் உத்தியோகம்.

ஐந்தாவது ஆள் ராமக்கா. தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரிப் பள்ளமான கல்குழியை ஒட்டிய கல்குழிமேட்டுக் குடியிருப்பின் சார்பில் கூப்பிடப்பட்டவள். உள்ளே இடமில்லை என்று வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் கூட்டத்தைப் பார்க்கலாம். யாராவது மனம் வைத்துக் கதவைத் திறந்தால் கேட்கவும் செய்யலாம். ஸ்டூலுக்குப் பின்னால் ஏசியின் வெளிப்பெட்டி. சபேசனுக்கு உள்ளே குளிர்ந்ததெல்லாம் ராமக்காவின் முதுகில் சூடாக இறங்கியது.

ரூபிக்கு ஒரு பழக்கம் உண்டு. பேனா பருமனில் ஒரு வெப்பமானி எப்போதும் அவள் பையில் இருக்கும். எந்த அறைக்குள் போனாலும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்துவிடுவாள். அன்றைக்குத் தலைவர் இருக்கையில் பத்தொன்பது. அவள் இருக்கையில் முப்பது. ராமக்காவின் ஸ்டூலில் நாற்பத்து நாலு. சம்பள விகிதத்தையே யாரோ பாதரசத்தில் எழுதிவைத்தது போல இருந்தது அவளுக்கு.

வெப்ப விரயத் தடைச் சட்டம் வந்து அது ஏழாவது கோடை. எந்த ஆலையும் எந்தக் கிடங்கும் தன் சூட்டைச் சும்மா காற்றில் விடக் கூடாது, அதிலிருந்து மின்சாரம் எடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம். மேடைக்கு மேடை கைதட்டல். சூட்டிலிருந்து எதையாவது பிழிய வேண்டுமானால் மறுமுனையில் குளிர்ச்சி வேண்டும் என்பதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. குளிர்ச்சிதான் இப்போது கிடைக்காத சரக்கு. ஈரமும் சூடும் சேர்ந்து, எவ்வளவு வேர்த்தாலும் உடம்பு ஆறாத நாட்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நாளில் ஊர்ப் பழைய மில்லின் சங்கை ஊதுவார்கள். சங்கு ஊதியபின் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் பொழுது சாயும்வரை உயிரோடிருப்பது அவரவர் பாடு.

"ஏனுங் அம்மணி, எனக்கும் வெளங்கற மாதிரிச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து. "கெடங்குல கம்ப்யூட்டருங்க சூடாகுது. அதுல எப்பிடிங்க கரண்டு வரும்?"

"கிடங்கிலிருந்து வர்ற தண்ணி அறுபத்தஞ்சு டிகிரிதாங்க. அதை வச்சு இன்னொரு தண்ணியைக் கொதிக்க வைக்க முடியாது. அதனால நாப்பதுக்குள்ளயே கொதிக்கிற வேற ஒரு திரவத்தைக் குழாய்ல சுத்த விடறோம். அது ஆவியாகி ஒரு சக்கரத்தைத் தள்ளும். தள்ளிட்டு, எங்கயாச்சும் போய்க் குளிர்ந்து மறுபடி திரவமாகணும். ஆகலைன்னா சுத்து நின்னுடும்."

"எங்க போயிக் குளுரும்?"

"பஸ் மாதிரி வச்சுக்குங்க. சூடு ஏறுற இடம் கிடங்கு. வழியில நாம டிக்கெட் கிழிக்கிறோம், அதுதான் கரண்டு. ஆனா நூறு பேர் ஏறினா ஆறு பேருக்குத்தான் டிக்கெட் கிழிக்க முடியும். மிச்ச தொண்ணூத்து நாலு பேரும் ஓசியிலயே போய்க் கடைசி ஸ்டாப்புல இறங்குவாங்க. அந்தக் கடைசி ஸ்டாப்பு, கல்குழி."

நாச்சிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, எங்கூரு டவுன் பஸ்ஸே பரவால்லீங்களே!"

சபேசன் சிரிக்கவில்லை. தன்னுடைய அறையில் மற்றவர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பது பதவிக்கு இழுக்கு என்று அவர் கருதுபவர். "ரூபிம்மா, பஸ், லாரியெல்லாம் அப்புறம். போன மாசம் நீ குடுத்த மாதிரியில குழித் தண்ணி இருபத்து நாலு டிகிரி, 'மாறாது'ன்னு குறி போட்டிருந்தே. இப்ப அந்தக் குறியை எடுத்துட்டியாமே?"

"ஆமா சார். அது நான் செஞ்ச தப்பு. கடல்னா மாறாதுன்னு போடலாம். குழி என்ன கடலா? தொண்ணூத்து நாலு பேரும் தினமும் அங்கயே இறங்கினா, ரெண்டாவது கோடையில தண்ணி முப்பத்தாறைத் தொட்டுடும். அதுக்கப்புறம் அங்க மனுசங்க இறங்க முடியாது. மெஷினும் சுத்தாது."

"மெஷினைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றான் நிதின். "எங்களுக்கு முதல் வருஷச் சான்றிதழ் வந்தாப் போதும்."

"அந்த ஜனங்க?"

"எந்த ஜனங்க?" சபேசன் உண்மையாகவே கேட்டார். "விதியைப் படிச்சியா? சூட்டை ஆளில்லா இடத்துல இறக்கலாம். 'ஆளில்லா இடம்'னா இரவில் யாரும் தூங்காத இடம். குழிக்குள்ள ராத்திரி எவன் தூங்கறான்? சங்கு ஊதினா வர்றாங்க, பொழுது சாஞ்சாப் போறாங்க. அது ஆளில்லா இடம்தான்."

"அவங்களுக்கு நாங்க குளிர்க்கூடம் கட்டித் தர்றோம்" என்றான் நிதின். "டோக்கன் வாங்கிட்டு உள்ள போகலாம். ஃபுல் ஏசி."

"அந்தக் கூடத்து ஏசியோட சூடு எங்க போகும்?"

நிதின் காகிதத்தைப் புரட்டினான். "குழிக்கு."

கதவு திறந்தது. டீ கொண்டுவந்தவர் தட்டோடு நுழைந்த இடைவெளியில் ராமக்காவின் குரலும் நுழைந்தது. "ஏனுங்க, எங்களைப் பேசக் கூப்பிட்டீங்களா, இல்ல வேக வெக்கவா? என்ற முதுகு பாதி வெந்து போச்சுங்க. மறுபக்கம் திரும்பி உக்காரட்டுங்களா?"

டீக்காரர் சிரித்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது. மக்கள் கருத்துக் கேட்பு அத்தோடு முடிந்ததாகச் சபேசன் குறித்துக்கொண்டார்.

ரூபிக்கு இந்த அறையின் மேல் இருந்த வெறுப்பு புதியதல்ல. பழகிய வெறுப்பு, மேசைக் கறை போல. ஆனால் அன்று அதில் ஒரு பங்கு தனக்கும் உண்டு என்று அவளுக்கு உறைத்தது. 'மாறாது' என்ற குறியைப் போட்டது யார்? அவள்தான். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒருநாள் குழித் தண்ணீரின் ஆழத்தை அளக்கப் போனபோது நடுவில் சங்கு ஊதிவிட்டது. வேறு வழியில்லாமல் ஜனங்களோடு குழிக்குள் இறங்கினாள். அப்போதுதான் பார்த்தாள். பாறையைப் படிப்படியாக வெட்டியெடுத்த பள்ளம். அந்தப் படிகளில் வரிசையாக ஜனங்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் படி என்று சுண்ணாம்பில் குறி. தண்ணீரை ஒட்டிய கடைசிப் படி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அது பிள்ளைத்தாச்சிப் படி. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் மட்டும். அன்று அதில் ராமக்காவின் மகள் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். வைகாசியில் பிரசவம். "இந்தப் படி இல்லீன்னா என்ற புள்ளைய நான் எங்கீங்க கொண்டுபோயி வெப்பேன்?" என்று ராமக்கா அப்போது கேட்டது வெறும் பேச்சுக்கல்ல.

"சார், ஒரு விதி இருக்கு" என்றாள் ரூபி. "தலைவர் நேர்ல பாத்துட்டுத்தான் ஒப்புதல் எழுதணும். அதுவும் சங்கு ஊதின நாள்ல."

பார்த்தால் புரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். படித்தவர்களைப் பிடித்து ஆட்டும் மூடநம்பிக்கைகளில் இதுதான் பெரியது.

மூன்றாம் நாளே சங்கு ஊதியது. சபேசனின் கார் குழியின் விளிம்புவரை வந்தது. இறங்கிய மாத்திரத்தில் மனிதர் ஆடிப்போனார்; சால்வைக்காரருக்கு வெயில் என்ன பழக்கமா? முகம் சிவந்து, வாய் திறந்து, நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு பாறைப் படிகளில் இறங்கினார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அதிகாரி ஒருவர் மயங்கி விழுந்தால் பழி யார் தலையில் விழும் என்பது குழிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

"கீழ, இன்னும் கீழ" என்றார் சபேசன். கடைசிப் படிக்குப் போனார். கஸ்தூரி உட்கார்ந்திருந்த இடம்தான் நிழலும் சில்லிப்பும் கூடின இடம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதிரில் வந்து நின்றார், அவ்வளவுதான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்யா, அது பிள்ளைத்தாச்சிப் படிங்க" என்றாள் ராமக்கா.

"ஒரு நிமிஷம்மா" என்றார் சபேசன். உட்கார்ந்தார். காலைத் தண்ணீருக்குள் விட்டார். பாறையில் முதுகைச் சாய்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

"என்ன அம்மணி, உங்க ஆபீசரு புள்ள பெக்க வந்தாருங்களா?" என்று ராமக்கா ரூபியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சுற்றியிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. மேல் படிகளில் ஏற்கெனவே நெருக்கம். கஸ்தூரியை இரண்டு படி மேலே ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் செருகியது. ரூபி கையைத் தொட்டாள். வேர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்த காகிதம் போல் இருந்தது. பெண்கள் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் மொண்டு அவள் தலையில் ஊற்றினார்கள். ராமக்கா மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டினாள்.

"சார், எழுந்திரிங்க" என்று ரூபி குனிந்து சொன்னாள். "அந்தப் பொண்ணைக் கீழ கொண்டுவரணும்."

சபேசன் கண்ணைத் திறக்காமலே, "சத்தம் போட வேண்டாம்னு சொல்லும்மா" என்றார்.

கடைசியில் நாச்சிமுத்துதான் அவரை அக்குளில் கை கொடுத்துப் பக்கவாட்டில் நகர்த்தினார். கவுன்சிலராகி அவர் செய்த முதல் மக்கள் பணி அதுவாகத்தான் இருக்கும். கஸ்தூரியைத் தண்ணீரில் இடுப்பளவு இறக்கினார்கள். வெகுநேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே உதைக்கிறது என்று அம்மாவிடம் ஜாடை காட்டினாள்.

பொழுது சாய்ந்து சங்கு மறுபடி ஊதியதும் சபேசன் எழுந்தார். நல்ல தூக்கம் தூங்கிய முகம். கையை நீட்டிச் சோம்பல் முறித்தார். நீரைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், மேலேறிக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்தார். ரூபி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா! எவ்வளவு குளிர்ச்சி" என்றார். "இத்தனை வருஷமா இதை இவங்க சும்மா உக்காந்தே வீணடிச்சிருக்காங்களே!"

ரூபிக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது. துப்பவில்லை. ஜனங்கள் தண்ணீர் குடிக்கிற குழி அது.

மறுநாள் காலையில் சபேசன் ஒரு சுற்றறிக்கை சொல்லச் சொல்ல ரூபி எழுதினாள். புதிதாக ஒரு சொல் பிறந்திருந்தது: வீண்குளிர். வீணாகும் சூட்டை மீட்கச் சட்டம் இருக்கும்போது வீணாகும் குளிரை மீட்க ஏன் திட்டம் இல்லை என்பது அவர் கேள்வி. குழியில் தூங்கும்போது உதித்ததாம்.

"எழுதிக்கோ. எங்கெல்லாம் ஆட்கள் உற்பத்தி எதுவும் செய்யாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதெல்லாம் வீண்குளிர் இடம். இரவில் யாரும் தூங்காத இடமா இருக்கணும். சங்கு நாள்ல, ஆள் உக்காந்திருக்கற இடத்துல வச்சு அளக்கணும்."

"வரிசை எப்படி சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிதின் முந்திக்கொண்டான். "குளிர் கூடின இடம் முதல்ல. வருஷத்துக்கு ஒரு இடம்தான் எடுக்கணும் சார். இல்லைன்னா அடுத்த கம்பெனிக்காரன் ஏரியைக் காட்டி உள்ள நுழைஞ்சிடுவான். ஏரி இருபத்தொன்பது, நம்ம குழி இருபத்து நாலு. குழிதான் முதல்ல நிக்கும்."

"அப்படியே போடு. எல்லா இடத்துக்கும் 'மாறாது'ன்னு குறி. அந்த வம்பு மறுபடி வேண்டாம்."

"எல்லா இடத்துக்குமா சார்?"

"எல்லாத்துக்கும். ஒண்ணு விடாம மாவட்டம் பூரா அளந்து பட்டியல் போடு. நீளமா இருந்தாத்தான் தலைமையகத்துல மதிப்பாங்க."

"ஏதாவது தவறிப்போச்சுன்னா அப்புறம் திருத்திக்கலாமா?"

சபேசன் பெருமையோடு சிரித்தார். "நம்ம வாரியத்துல திருத்தங்கற பேச்சே கிடையாது. முதல் வரிசையில எது இருக்கோ அங்க அடுத்த மாசமே குழாய் வந்து இறங்கும். போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல, சூடு இறக்கற இடங்களோட பட்டியல்ல ஒரு பள்ளிக்கூடத்துக் கிணறு மாட்டிச்சு. ஹெட்மாஸ்டர் அழுதார். எண் விழுந்தா விழுந்ததுதான்னுட்டாங்க."

ரூபி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். அடுத்து வந்த சங்கு நாட்களில் வெப்பமானியோடு ஊரைச் சுற்றினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. வாரியத்துப் பொறியாளர் பேனா மாதிரி எதையோ நீட்டிக்கொண்டு நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அதிகாரிகள் மன்றத்தின் சீட்டாட்ட அறை. கம்பெனியின் விருந்தினர் மாளிகைக் கூடம். நாச்சிமுத்து புதிதாகக் கட்டிய வீட்டில் ஏசி வைத்த பூஜையறை. கடவுளுக்கு வேர்க்கக் கூடாது என்று அவர் விளக்கினார். இது போல இன்னும் ஆறு அறைகள். இவற்றில் எங்கேயும் எதுவும் உற்பத்தியாகவில்லை. ஒவ்வொன்றையும் தொழில் சுத்தமாக அளந்தாள்.

ஏசி வைத்த அறை, சூட்டை இறக்குகிற குளிர்முனை ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? குழாயை இறக்கினால் அரை நாளில் அந்த அறை அடுப்பாகிவிடும். ஆனால் அது உண்மையான மாதிரியில். இந்தக் குழு ஏற்றுக்கொண்ட மாதிரியில் பத்தொன்பது என்றால் பத்தொன்பதுதான், பிரளயம் வரைக்கும். குழிக்குப் பொருந்துகிற பொய் பூஜையறைக்கும் பொருந்தும். வேலை போய்விடும் என்று தெரிந்தது. போகட்டும் என்றும் தோன்றியது. வாரியத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்து அவள் மட்டும் என்ன உற்பத்தி செய்துவிட்டாள்?

பட்டியல் முடிந்த அன்றும் சங்கு நாள்தான். சபேசன் அதே நாற்காலியில், அதே சால்வையில் இருந்தார். கணினிக் கம்பெனிகள் சம்பந்தப்பட்ட கோப்புகளைக் கணினியில் அனுப்பக் கூடாது என்று வாரியத்தில் கட்டுப்பாடு. காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்துத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அரக்கு முத்திரை வைப்பதை மட்டும் சபேசன் யாரிடமும் விடமாட்டார்.

"முதல் வரிசையில நம்ம இடம்தானே?" என்றார், மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தபடி.

"ஆமா சார். நம்ம இடம்தான்."

"எத்தனை டிகிரி?"

"பத்தொன்பது."

"பத்தொன்பதா! இருபத்து நாலுன்னு சொன்னியே?"

"நீங்க சொன்னபடி, ஆள் உக்காந்திருக்கற இடத்துலயே வச்சு அளந்தேன் சார்."

"பாத்தியா? நேர்ல அளந்தாத்தான் தெரியுது." அவர் குரலில் ஒரு வாத்தியாரின் திருப்தி இருந்தது. "ராத்திரி யாரும் தூங்கறதில்லையே?"

"ராத்திரியில இல்லை சார். பகல்லதான்."

"அப்பச் சரி."

காகிதங்கள் அவர் கையருகில்தான் இருந்தன. மேல் தாளின் முதல் வரியில், வெப்ப மீட்பு வாரிய மாவட்ட அலுவலகம், குழுக்கூட்ட அறை, தலைவர் இருக்கை என்று ரூபியின் உருண்டையான கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. மரியாதை இல்லாத வேலைகளில் படிப்பதும் ஒன்று என்பது அவர் கருத்து. ரூபி தாள்களை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். அவர் அரக்கை உருக்கி, சொட்டவிட்டு, முத்திரையை அழுத்தினார். பத்தொன்பது டிகிரியில் அரக்கு உடனே இறுகிவிட்டது.

உறையை எடுத்துக்கொண்டு ரூபி வெளியே வந்தாள். வராந்தாவில் ராமக்கா நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை ஸ்டூல்கூடப் போட்டிருக்கவில்லை.

"கஸ்தூரி எப்படி இருக்கா?"

"குழிலதான் இருக்கா. எங்க முடிவு என்னாச்சுங் அம்மணி?"

"உங்க குழி பதினொண்ணாவது இடம்."

"அப்பிடீன்னா?"

"வருசத்துக்கு ஒண்ணுதான் எடுப்பாங்க. உங்க முறை வர்றதுக்குப் பத்து வருசம் ஆகும்."

ராமக்கா கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். சபேசன் சால்வையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு முன்னால இருக்கற அந்தப் பத்து பேரு ஆருங்க?"

ரூபி கதவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ராமக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடக் கருமமே! அப்பறம் இவுங்கெல்லாம் சங்கு ஊதுனா எங்கீங்க போவாங்க?"

"உங்க குழிக்குத்தான் வருவாங்க."

ராமக்கா யோசித்தாள். "வரட்டும். மேல் படியில எடம் குடுக்கறோம். பிள்ளைத்தாச்சிப் படி மட்டும் கெடையாது, சொல்லிப்போடுங்க."

தபால் வண்டி வாசலில் நின்றது. ரூபி உறையைக் கொடுத்தாள். வண்டிக்காரர் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.